குண்டு டயர் மோகமும் ஆற்றங்கரைப் பாதையும்

சைக்கிள் கடை வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் எதைப் பார்த்ததும் பள்ளிக்கூடப் பையன்களின் கால்கள் அப்படியே நின்றுவிடுகின்றன? சந்தேகமே வேண்டாம். நாலு அங்குல அகலத்தில், டிராக்டர் டயர் மாதிரி பட்டை பட்டையாக இருக்கும் குண்டு டயர் சைக்கிள்தான்! முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பாரில் மின்னல் கோடு, கூடவே "மலை, மணல், சேறு எதிலும் ஓடும்" என்ற வாக்குறுதி. விலையைக் கேட்டதும் அப்பா ஒரு நிமிடம் திகைப்பார். பையன் முகத்தைப் பார்ப்பார். வாங்கிக் கொடுத்துவிடுவார்.

இந்தக் கட்டுரை அந்தச் சைக்கிளுக்கு எதிரானது. இன்னும் சரியாகச் சொன்னால், அதைக் காவிரிக் கடைமடைக்குக் கொண்டுவந்து "கரடுமுரடுப் பாதையின் ராஜா" என்று விற்பதற்கும், அதை நம்பி வாங்குவதற்கும் எதிரானது. குண்டு டயர் ஒன்றும் மோசமான பொருள் இல்லை. பிறந்த இடத்தில் அது அருமையான கருவி. ஆனால் மாட்டுக்குப் போடும் லாடத்தை மனிதன் காலில் அடித்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது.

அம்பகரத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்ரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூன். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி; இப்போது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது; சுற்றிலும் தமிழ்நாடு. மலை என்று சொல்லிக்கொள்ள ஒரு மேடுகூடக் கிடையாது. இந்தப் பக்கத்தில் உயரமான இடம் எது என்று கேட்டால் ஒன்று கோயில் கோபுரம், இல்லாவிட்டால் ஆற்றங்கரை!

அப்படியானால் இங்கே கரடுமுரடுப் பாதையே கிடையாதா? தாராளமாக இருக்கிறது. அரசலாறு, நூலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு, நண்டலாறு என்று காரைக்கால் மாவட்டத்தை ஆறுகள் கூறு போட்டு வைத்திருக்கின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் இரண்டு கரை. ஒவ்வொரு ஆற்றிலிருந்தும் பிரியும் வாய்க்கால்களுக்கும் கரை. அப்புறம் வயல் வரப்பு, களத்துமேட்டுப் பாதை, தோப்புக்குள் போகும் ஒற்றையடிப் பாதை. ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால், எந்த இடத்தில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்கியது என்றுகூடத் தெரியாது. சைக்கிள்காரனுக்கு இது சொர்க்கம்.

இந்தச் சொர்க்கத்துக்குக் குண்டு டயர்தான் திறவுகோலா என்பதுதான் கேள்வி.

குண்டு டயர் ஏன் பிறந்தது?

முதலில் மவுண்டன் சைக்கிளின் கதை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம், மரின் கவுண்டி. அங்கே டமல்பாயஸ் என்று ஒரு மலை. 1970-களில் சில இளைஞர்கள், 1930-களில் வந்த பழைய பலூன் டயர் சைக்கிள்களைக் குப்பையில் இருந்தும் பழைய சாமான் கடையில் இருந்தும் பொறுக்கி எடுத்து, அந்த மலைச்சரிவில் மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21-ஆம் தேதி முதல் பந்தயம் நடத்தினார்கள். அதற்கு "ரீபேக்" என்று பெயர். காரணம் வேடிக்கையானது. அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை மலையிறங்கி வருவதற்குள் அச்சுக்குள் இருக்கும் கிரீஸ் சூடேறிப் புகைந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மறுபடியும் கிரீஸை அடைக்க வேண்டும். அந்த "மறுபடி அடைத்தல்"தான் பந்தயத்தின் பெயராகிவிட்டது!

கவனியுங்கள். முதலில் மலை இருந்தது. அதற்காகச் சைக்கிள் மாறியது.

குண்டு டயருக்கும் இதே கதைதான். 1980-களில் ஜான் நோ என்ற பிரெஞ்சுக்காரர், காற்றுக் குறைத்த அகலமான மிஷ்லன் டயர்களை மாட்டிக்கொண்டு சஹாரா பாலைவனத்தில் சைக்கிள் விட்டார். 1987-இல் அலாஸ்காவில் பனிப்பாதையில் "இடிடாபைக்" என்ற பந்தயம் தொடங்கியது. சாதாரண டயர் பனிக்குள் புதைந்தது. அங்கிருந்தவர்கள் இரண்டு ரிம்மைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாக்கி, அகலமான சக்கரம் செய்து பார்த்தார்கள். இன்னொரு பக்கம் நியூ மெக்ஸிகோவில் ரே மொலினா என்பவர் மணல்மேட்டில் ஓட்டுவதற்காக அகல ரிம் தயாரித்தார். 2005-இல் சர்லி என்ற அமெரிக்க நிறுவனம் "பக்ஸ்லி" என்ற பெயரில் குண்டு டயர் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது.

பனி, மணல். இந்த இரண்டுக்காகப் பிறந்த சக்கரம் இது. இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று: காலை வைத்தால் புதையும், ஆனால் காலில் ஒட்டாது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

கொஞ்சம் கணக்கு

சைக்கிளின் பின்சக்கரத்தில் ஏறக்குறைய 45 கிலோ, அதாவது 100 பவுண்டு பாரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சைக்கிள் டயரில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு காற்று அடித்தால், அந்தப் பாரத்தைத் தாங்க டயர் ஏறக்குறைய 2 சதுர அங்குலம் தரையைத் தொட்டால் போதும். குண்டு டயரில் 10 பவுண்டு காற்றுதான் இருக்கிறது என்றால் 10 சதுர அங்குலம் தொட வேண்டும். அஞ்சு மடங்கு பரப்பு. அதனால்தான் அது மணலில் புதையாமல் மிதக்கிறது. யானையின் கால் அகலமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆக, குண்டு டயரின் மந்திரம் அகலத்தில் மட்டும் இல்லை. காற்றைக் குறைவாக வைப்பதில் இருக்கிறது. ஆனால் நிறையப் பேர் என்ன செய்கிறார்கள்? நேராகப் பெட்ரோல் பங்க்குக்குப் போய்க் கல்லு மாதிரி காற்று அடித்துக்கொண்டு வருகிறார்கள்! பெரும்பாலான குண்டு டயர்களின் பக்கவாட்டிலேயே 20 அல்லது 30 பவுண்டுக்கு மேல் போகாதே என்று அச்சடித்திருக்கும். அதைத் தாண்டினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வெடிக்கக்கூடும். வெடிக்காவிட்டாலும் பந்து மாதிரி துள்ளும். அகல டயரின் ஒரே நன்மையும் போய்விடும். கனம் மட்டும் மிஞ்சும்.

சரி, அறிவுரைப்படி காற்றைக் குறைத்தே வைத்தால்? மணலில் நன்றாகப் போகும். தார் ரோட்டில் மாவு பிசைகிற மாதிரி டயர் நசுங்கி நசுங்கி உருளும். மிதிக்கிற சக்தியில் ஒரு பங்கை டயரே தின்றுவிடும். அம்பகரத்தூரிலிருந்து திருநள்ளாறு வழியாகக் காரைக்காலுக்குப் படிக்கப் போகிற பையனுக்கு, தினசரிப் பயணத்தில் எவ்வளவு மணல், எவ்வளவு தார் ரோடு என்று அவனே எண்ணிப் பார்க்கட்டும்.

சேறு சொல்லும் உண்மை

"மணலை விடுங்கள், டெல்டாவில் சேறு இருக்கிறதே! சேற்றுக்கு இந்த டயர்தானே சரி?" என்று கேட்பார்கள். இங்கேதான் மிகப் பெரிய ஏமாற்று.

டெல்டாவின் வயல்களில் பெரும்பாலும் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பசையாகிவிடும். அந்த மண்ணில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பத்து அடி நடந்தால் செருப்பு அரைக் கிலோ ஏறிவிடும். இருபது அடி நடந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பனியும் மணலும் புதைய வைக்கும், ஒட்டாது. களிமண் புதையவும் வைக்கும், ஒட்டவும் செய்யும். நாலு அங்குல டயர் அங்கே என்ன செய்யும்? நாலு அங்குல அகலத்துக்குக் களிமண்ணை வாரிச் சுருட்டிக்கொள்ளும். பட்டைகளின் இடுக்கெல்லாம் நிரம்பும். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச இடமும் அடைபடும். சக்கரம் நின்றுவிடும். அப்புறம் இருபது கிலோ சைக்கிளையும் அஞ்சு கிலோ களிமண்ணையும் சேர்த்துத் தூக்க வேண்டியதுதான்.

சந்தேகம் இருந்தால் ஐரோப்பாவைப் பாருங்கள். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் குளிர்காலத்தில் சேற்றில் சைக்கிள் விடுவதற்கென்றே "சைக்ளோகிராஸ்" என்ற பந்தயம் இருக்கிறது. முழங்கால் வரை சேறு. அங்கே உலகச் சாம்பியன்கள் ஓட்டும் டயரின் அகலம் எவ்வளவு தெரியுமா? சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ. விதிப்படி அதிகபட்சம் 33 மில்லிமீட்டர். ஒன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட! ஒல்லி டயர் மேல் சேற்றைக் கத்தி மாதிரி அறுத்துக்கொண்டு கீழே இருக்கும் கெட்டி மண்ணைத் தொடும். ரொம்பவும் ஒட்டும் இடத்தில் அந்தச் சாம்பியன்களும் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். மழைக்காலத்தில் வாய்க்காலைக் கடக்கிற டெல்டா விவசாயி செய்வதும் அதேதான். அவருக்கு யாரும் மெடல் கொடுப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மை இதுதான்: நன்றாக நனைந்த களிமண்ணில் எந்தச் சைக்கிளும் ஓடாது. "எதிலும் ஓடும்" என்று சொல்லும் விளம்பரம் களிமண்ணைப் பார்த்ததே இல்லை. தை அறுவடைக்குப் பிறகு கரை காய்ந்து இறுகிவிட்டால் கதை வேறு. அப்போது பால்காரரின் டபுள் பார் சைக்கிளும் ஓடும், பள்ளிக்கூடப் பெண்ணின் லேடீஸ் சைக்கிளும் ஓடும். இருபது கிலோ குண்டு டயர் அதற்குத் தேவையே இல்லை.

கடற்கரை மட்டும்?

நியாயமாகப் பேச வேண்டும். காரைக்கால் கடற்கரையின் உதிர் மணலில் ஒரு பந்தயம் வைத்தால் குண்டு டயர்தான் ஜெயிக்கும். சாதாரண சைக்கிள் பத்தடியில் புதைந்து நின்றுவிடும். இதில் மறுக்க ஒன்றுமில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஈரக் கரையில் ஓட்டும்போது அகல டயர் ஒல்லி டயரைவிடக் குறைவாகத்தான் பள்ளம் பறிக்கும். அதுவும் அதன் நற்குணம்தான்.

ஆனால் கடல் மணலில் சைக்கிள் விடுவது ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. அதற்காக வாரத்தின் மீதி ஆறு நாளும் அந்தக் கனத்தை மிதிக்க வேண்டுமா? அதோடு, உப்பு மணல் செயினுக்கும் பேரிங்குக்கும் எமன். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் ஒரே மாதத்தில் துருப்பிடித்துக் கத்தும். இன்னொரு விஷயம், தை முதல் பங்குனி வரை சோழமண்டலக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். குஞ்சுகள் பொரித்துக் கடலை நோக்கி ஓடும்போது, ஆழமான சக்கரத் தடம் ஒன்று குறுக்கே இருந்தால் அதற்குள் விழுந்து தத்தளிக்கும். அந்த மாதங்களில் இரவில் மேல்மணலில் வண்டி விடாமல், அலை நனைத்துப் போன கெட்டி மணலில் பகலில் ஓட்டுவதே முறை. அந்தக் கெட்டி மணலிலோ சாதாரண சைக்கிளே ஓடுமே!

பஞ்சர் கடை வாசலில்

டெல்டாவின் கரைகளில் இப்போது எதைப் பார்த்தாலும் சீமைக் கருவேலம். அதன் முள் சாதாரண முள் இல்லை. செருப்பைத் துளைத்துக் காலுக்குள் இறங்கும். டயர் எவ்வளவு அகலமோ அவ்வளவு முள்ளை அது வழியில் பொறுக்கும். குண்டு டயர் தடியாகத் தெரிந்தாலும், பட்டைகளுக்கு நடுவில் இருக்கும் ரப்பர் அப்படியொன்றும் தடிமன் இல்லை.

பஞ்சர் ஆனால் என்ன? சாதாரண சைக்கிள் என்றால் முச்சந்திக் கடையில் அஞ்சு நிமிட வேலை. டியூப்பே போய்விட்டாலும் புதிது அங்கேயே தொங்கும். 26-க்கு 4 அளவு டியூப்? "காரைக்காலில் கேட்டுப் பாருங்க தம்பி, இல்லாட்டி ஆன்லைன்ல போடுங்க" என்பதுதான் பதில். டயர் தேய்ந்தால் விலை இன்னும் கூட. டிஸ்க் பிரேக் கட்டை தேய்ந்தால், பொருந்துகிற கட்டை கிடைக்காமல் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. ஸ்பிரிங் ஃபோர்க் ஆறு மாதத்தில் இறுகிப் போனால் அதை யாரும் பிரிப்பதே இல்லை. வெறும் கனமாக அது முன்னால் உட்கார்ந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. நல்ல நிறுவனங்கள் செய்யும் அசல் குண்டு டயர் சைக்கிளில் அலுமினிய ஃபிரேம், பல கியர், லேசான ரிம் எல்லாம் இருக்கும். பல ஆயிரங்கள் அல்ல, லட்சத்தைத் தொடும் விலைகளும் உண்டு. கடைத்தெருவில் பத்து, பதினைந்தாயிரத்துக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் இரும்பு ஃபிரேம், அநேகமாகக் கியரே இல்லாதது. அதாவது அலாஸ்காவின் டயர் மட்டும் வந்திருக்கிறது; அதை மிதிக்கத் தேவையான மற்ற எதுவும் வரவில்லை!

"பழைய டபுள் பார் சைக்கிளும்தான் இருபது கிலோ இருக்கும். அதை மட்டும் எப்படி மிதித்தார்கள்?" என்று ஒருவர் மடக்கலாம். நல்ல கேள்வி. கனத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டபுள் பாரில் 28 அங்குலப் பெரிய சக்கரம், ஒன்றரை அங்குல ஒல்லி டயர், இறுக்கமான காற்று. ஒரு தடவை வேகம் பிடித்துவிட்டால் தானாக உருண்டுகொண்டே போகும். அதோடு அந்த இருபது கிலோவில் ஒரு கேரியர், ஒரு ஸ்டாண்ட், இரண்டு மட்கார்டு எல்லாம் அடக்கம். அந்தக் கேரியரில் ஒரு மூட்டை நெல் ஏறும். குண்டு டயர் சைக்கிளில் பெரும்பாலும் கேரியரே கிடையாது. புத்தகப் பையை முதுகில் சுமக்க வேண்டும். ஒன்று பாரம் சுமப்பதற்கான கனம். இன்னொன்று படம் காட்டுவதற்கான கனம்.

உண்மையான நஷ்டம் எது?

"போகட்டுமே, பையன் ஆசைப்பட்டான், வாங்கிக் கொடுத்தோம். பத்தாயிரம் ரூபாய் நஷ்டம் என்றால் என்ன, குடியா முழுகிப் போய்விடும்?" என்று விட்டுவிட முடியாது. ஏனென்றால் நஷ்டம் பணத்தில் இல்லை.

ஒரு பையனின் முதல் சொந்தச் சைக்கிள் என்பது சாதாரண விஷயம் இல்லை. சைக்கிள் என்றால் எப்படி இருக்கும் என்று அவன் உடம்பு கற்றுக்கொள்வது அதில்தான். முதல் வாரம் நண்பர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் எதிர்க்காற்றில் மிதிக்கும்போது தொடை வலிக்கும். (கடலோர ஊர்களில் எதிர்க்காற்றுக்குப் பஞ்சமா என்ன?) பக்கத்தில் பழைய சைக்கிளில் ஒரு தாத்தா சாவகாசமாக முந்திக்கொண்டு போவார். இரண்டு மாதத்தில் பஞ்சர். நாலு மாதத்தில் பிரேக் போகும். ஆறாவது மாதம் வண்டி மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து நிற்கும். அவன் மனதில் பதிந்து போவது என்ன? "இந்தச் சைக்கிள் சரியில்லை" என்பதா? இல்லை. "சைக்கிள் மிதிப்பதே கஷ்டம்" என்பது!

அடுத்து அவன் கேட்பது பைக். காரைக்காலில் பெட்ரோல் விலையும் தமிழ்நாட்டைவிடக் குறைவு. பதினைந்து வயதில் அண்ணனின் வண்டி, பதினாறில் அப்பாவின் வண்டி. கியர் வண்டி ஓட்ட உரிமம் வாங்கப் பதினெட்டு வயது ஆக வேண்டும் என்பதும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி சிறுவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் வரலாம் என்பதும் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? சைக்கிளை வெறுக்கக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை இப்படித்தான் உருவாகிறது. அதைச் செய்வது சைக்கிளின் எதிரி இல்லை. சைக்கிள் வேஷம் போட்ட ஒரு பொம்மை.

"கஷ்டப்பட்டு மிதித்தால் உடம்புக்கு நல்லதுதானே, ஜிம்முக்குப் போக வேண்டாமே" என்பது இன்னொரு சமாதானம். மிதிக்கிற சைக்கிள்தான் உடம்புக்கு நல்லது. சுவரில் சாய்ந்திருக்கும் சைக்கிளால் சுவருக்கு மட்டும்தான் லாபம்.

யார் நிஜமான சாகசக்காரர்?

இத்தனைக்கும் இந்த மோகத்துக்கு அடியில் இருப்பது மணலும் இல்லை, சேறும் இல்லை. கௌரவம்! டபுள் பார் சைக்கிளில் போனால் "பாவம்" என்கிறார்கள். குண்டு டயரில் போனால் "செம கெத்து" என்கிறார்கள். இரண்டு பேரும் போவது ஒரே கரையில், ஒரே மண்ணில்.

விடியற்காலையில் கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, ஒன்றரை அடி அகல வாய்க்கால் கரையில் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வருகிறாரே, அவருக்குப் பெயர் என்ன? தலைக்கு மேல் உயரும் புல்லுக்கட்டை வைத்துக்கொண்டு, வழியெல்லாம் இருக்கும் நண்டு வளையைத் தவிர்த்து வளைத்து வளைத்து ஓட்டுகிறாரே, அவருக்கு? மீன் கூடையோடு கடற்கரையிலிருந்து உள்ளூர்களுக்கு வெயிலேறுவதற்குள் வந்து சேர்கிறவருக்கு? அமெரிக்காவில் இதைச் செய்தால் "எக்ஸ்ட்ரீம் ஸ்போர்ட்ஸ்" என்று டி.வி.யில் காட்டுவார்கள். இங்கே இது பிழைப்பு. ஹெல்மெட் இல்லை, ஸ்பான்சர் இல்லை, கைதட்ட ஆள் இல்லை.

பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பிள்ளைகள், தங்கள் உயரத்துக்குப் பொருந்தாத அந்த இரும்புச் சைக்கிளை வரப்பிலும் களத்துமேட்டிலும் விட்டார்களே, அதற்கு மேல் என்ன சாகசம்? 

புதுக்கோட்டையை மறந்துவிடக் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துக் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பத்திரிகையாளர் பி.சாய்நாத் அதை எழுதி உலகத்துக்குச் சொன்னார். லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! கூலி வேலைக்கும், கல் குவாரிக்கும், தண்ணீர் எடுக்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அந்தச் சைக்கிள்தான் கொண்டுபோனது. எத்தனை அங்குல டயர் என்று யாரும் கேட்கவில்லை. யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிகிறதா என்றுதான் கேட்டார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு அரசு 2001 முதல் படிப்படியாக விரிவாக்கிய இலவச சைக்கிள் திட்டத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகள் வாங்கிப் போவதும் சாதாரண டயர் சைக்கிள்தான். எத்தனையோ பெண்களின் படிப்பு நிற்காமல் இருப்பதற்கு அந்த ஒல்லி டயர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தச் சைக்கிளைப் "பழசு" என்று ஒதுக்கியதன் விலையையும் பார்த்தாகிவிட்டது. இந்தியாவின் பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்றாக இருந்த அட்லஸ், 2020 ஜூன் 3-ஆம் தேதி தன் சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம்!

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

அப்பாவிடம் குண்டு டயர் கேட்கப் போகும் நண்பர்களே, கடைக்குள் நுழைவதற்கு முன் மூன்றே மூன்று கேள்வி. தினமும் எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும், அதில் மணல் எவ்வளவு? இதன் டியூப்பும் பிரேக் கட்டையும் சொந்த ஊரில் கிடைக்குமா? கேரியர் மாட்ட முடியுமா? மூன்றுக்கும் பதில் சரியாக வந்தால் தாராளமாக வாங்குங்கள். வராவிட்டால், ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்துக்குள் டயர் உள்ள, உயரத்துக்குப் பொருந்துகிற ஒரு சாதாரண சைக்கிள் போதும். காய்ந்த ஆற்றங்கரைக்கு அது தாராளம். முடிந்தால் ஒரு கியர் செட் சேர்த்துக்கொள்ளலாம். எதிர்க்காற்றுக்கு அது உதவும். மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு விளக்கு.

ஆனால் உண்மையில் கேட்க வேண்டிய இடம் சைக்கிள் கடை இல்லை. பாதை கெட்டிருந்தால் டயரைப் பெரிதாக்கு என்பது வியாபாரியின் பதில். பாதையைச் சரி செய் என்பது ஊரின் பதிலாக இருக்க வேண்டாமா? காவிரியின் கடைமடை இது. 2007-இல் வந்த காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு புதுச்சேரிக்கு ஒதுக்கியது வெறும் 7 டி.எம்.சி. அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் வயல்வரை கொண்டுவந்து சேர்ப்பது இந்தக் கரைகள்தான். கரை உறுதியாக இருந்தால் தண்ணீரும் போகும், சைக்கிளும் போகும். கரை உடைந்தால் இரண்டும் நின்றுவிடும். சீமைக் கருவேலத்தை வெட்டுங்கள், மழைக்கு முன் கரையில் மண் போட்டு இறுக்குங்கள், வாய்க்கால் குறுக்கே சைக்கிள் தள்ளிப் போகிற அளவுக்கு ஒரு மதகுப் பலகை போடுங்கள் என்று கொம்யூன் பஞ்சாயத்தையும் பொதுப்பணித் துறையையும் கேட்பதற்கு எந்தக் குண்டு டயரும் தேவையில்லை. ஒரு மனு போதும்; அதில் நூறு கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது.

ஓட்டுகிறவர்களுக்கும் கடமை உண்டு. நனைந்த வரப்பில் ஏற்றாதீர்கள். வரப்பு உடைந்தால் போவது ஒருவரின் தண்ணீர், உரம், ஒரு நாள் கூலி. ஈரக் கரையில் தடம் பதித்தால் அடுத்த மழை அந்தத் தடத்திலேயே வழிந்து கரையை அரிக்கும். எதிரே புல்லுக்கட்டோடு ஒருவர் வந்தால் இறங்கி ஓரமாக நில்லுங்கள். அவர் பாலன்ஸ் தப்பினால் மறுபடி ஏற முடியாது. விளையாட வந்தவர்தான் வழிவிட வேண்டும். பிழைக்கப் போகிறவர் இல்லை.

அலாஸ்காவில் பனி இருந்தது, அதற்கு ஒரு டயர் செய்தார்கள். மரின் கவுண்டியில் மலை இருந்தது, அதற்கு ஒரு சைக்கிள் செய்தார்கள். டெல்டாவில் களிமண்ணும் கரையும் இருக்கின்றன. அதற்கான சைக்கிள் நெடுங்காலமாக இங்கேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஓட்ட வெட்கப்படுவதை நிறுத்தினால் போதும்.